தரைக்கு 38, ரேடியேட்டருக்கு 65: ஒரே பாய்லருக்கு எந்த மிக்ஸிங் வால்வு?

மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கம் ஹோம்ஸ்டே கட்டுகிறவர்களில் சிலர் இப்போது படுக்கையறைக்கு ரேடியேட்டர், ஹாலுக்கும் குளியலறைக்கும் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் என்று கேட்கிறார்கள். ஜனவரியில் புல்வெளி வெளுத்துப் போகிற அளவுக்கு உறைபனி விழும் ஊரில் இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனி, ஆடி மழையில் துணி காயாமல், தரை பிசுபிசுத்துக் கிடக்கிற நாட்களிலும் லேசான தரைச்சூடு கைகொடுக்கும். சிக்கல் ஓர் இடத்தில்தான். ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரித் தண்ணீர் வேண்டும். தரைக்கு 35 முதல் 40 போதும். பாய்லரோ ஒன்றுதான்.

பாய்லர் தண்ணீரை அப்படியே தரைக்கு விட்டால் என்ன ஆகும்? கால் சுடும், ஓடு விரியும், காரைத்தளம் வெடிக்கும், மரத்தரை என்றால் வளைந்தே போகும். ஆள் நடமாடும் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது, குளியலறையில் 33 வரை போகலாம் என்பது இஎன் 1264 என்ற ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. 29 டிகிரித் தரை, 20 டிகிரி அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட் கொடுக்கும். நம் மலைக்கு அது தாராளம்.

ஆகவே பாய்லரின் சூட்டுத் தண்ணீரோடு, தரையைச் சுற்றி ஆறித் திரும்பும் தண்ணீரைக் கலக்க வேண்டும். மூன்று வாய் உள்ள மிக்ஸிங் வால்வு செய்யும் வேலை அதுதான்: ஒரு வாயில் சூடு, ஒரு வாயில் ரிட்டர்ன், மூன்றாவதில் கலந்த தண்ணீர். அந்த வால்வை யார் திருப்புவது, எப்படித் திருப்புவது என்பதில்தான் விலையும் தலைவலியும் வேறுபடுகின்றன.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. 50 சதுர மீட்டர் தரை, 5 கிலோவாட் என்று வையுங்கள். 38 டிகிரியில் போய் 31 டிகிரியில் திரும்பினால் மணிக்குச் சுமார் 614 லிட்டர் ஓட வேண்டும். பாய்லர் பக்கம் 65 டிகிரி இருந்தால், 38-ஐ எட்ட அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேவை. மீதி நான்கு பங்கு ரிட்டர்ன் தண்ணீரே. அதாவது வால்வு எப்போதும் கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். இங்கே நம் பிளம்பர்களின் பழக்கம் குறுக்கே வருகிறது: பைப் ஒரு இன்ச், அதனால் வால்வும் ஒரு இன்ச். வால்வு எவ்வளவு தண்ணீரை விடும் என்று சொல்லும் எண்ணுக்குக் கேவிஎஸ் என்று பெயர்; இந்த ஓட்டத்துக்கு 0.05 பார் அழுத்த இழப்பில் கேவிஎஸ் 2.7 வரும், 2.5 வால்வு போதும். 6.3 அல்லது 10 போட்டால், முதல் சில டிகிரித் திருப்பத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து கன்ட்ரோலர் வாங்கினாலும் 33-க்கும் 46-க்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். வால்வின் மேல் பொறித்திருக்கும் கேவிஎஸ் எண்ணைப் பாருங்கள். இன்ச் கணக்கு இங்கே உதவாது.

வால்வே வேண்டாம் என்கிற வழி

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளிச்சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவி) வைத்து, எல்லாவற்றையும் 45 டிகிரிக்குள் ஓட்டலாம். அப்போது கலக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. ஆனால் ரேடியேட்டரின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண், தண்ணீருக்கும் அறைக்கும் சராசரி 50 டிகிரி வித்தியாசத்தில் அளந்தது. 45-ல் போய் 40-ல் திரும்பினால் அதில் 35 சதவீதம்தான் கிடைக்கும். ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய ரேடியேட்டர் வாங்க வேண்டும், சுவரில் அதற்கு இடமும் வேண்டும். புது வீடு, இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால் யோசிக்கத் தகுந்த வழிதான். ரேடியேட்டர் ஏற்கெனவே மாட்டிவிட்ட வீட்டுக்கு ஒத்து வராது. கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) விறகு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் வட்டவடை, காந்தலூர்க்காரர்கள் விறகு பாய்லரை விடவும் மாட்டார்கள்.

மெழுகு வால்வு: கறன்ட் வேண்டாம்

தெர்மோஸ்டாட் வால்வு என்று கேட்டால் கிடைக்கும். உள்ளே மெழுகு அடைத்த சிறு குப்பி சூட்டில் விரிந்து வால்வை நகர்த்தும். தலையில் ஒரு குமிழ். 38 என்று திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. ஒயர் இல்லை, இடி மின்னல் பயமில்லை, கறன்ட் போய் வந்தாலும் கவலையில்லை. ஒரு குளியலறை, பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், வேறு பேச்சே இல்லை.

பெரிய தரைக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, சானிட்டரி கடைகளில் இந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் குளியல் தண்ணீருக்கான சூடு தடுப்பு வால்வு. அதன் கேவிஎஸ் ஒன்றரைச் சொச்சம்தான். நம் 614 லிட்டரை அதன் வழியே தள்ளினால் பம்பின் ஒன்றரை மீட்டர் ஹெட் (தள்ளும் அழுத்தம்) அதிலேயே போய்விடும். கடைசி லூப்புக்கு, அதாவது தரைக்கு அடியில் ஓடும் கடைசிக் குழாய்ச் சுற்றுக்கு, தண்ணீர் சேராது.

இரண்டாவது தொல்லை விறகு பாய்லர் வீடுகளில்தான் தெரியும். சாயங்காலம் ஒரு முறை நன்றாக எரித்து, வெந்நீரைச் சேமித்து வைக்கும் பஃபர் டேங்கை 80 டிகிரிக்கு ஏற்றி, இரவு முழுக்க அதிலிருந்து எடுப்பது வழக்கம். விடியற்காலை நான்கு மணிக்கு டேங்கில் 43 டிகிரிதான் மிச்சம். தரைக்கு அது போதும், சொல்லப்போனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் தரைச்சூடே. ஆனால் மெழுகு வால்வுகள் பலவற்றுக்கு, குமிழில் வைத்த அளவைவிடச் சூட்டுப் பக்கம் குறைந்தது பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தால்தான் சரியாக வேலை ஓடும். அந்த நேரத்தில் முழுதாகத் திறக்காமல், டேங்கில் இருக்கிற சூட்டை உள்ளேயே அடைத்து வைத்திருக்கும். கெஸ்ட் குளிருகிறது என்று கதவைத் தட்டுவதும் அதே நான்கு மணிக்குத்தான். மோட்டார் வைத்த வால்வு அப்போது முழுதாகத் திறந்து கடைசிச் சூடு வரை எடுத்துக் கொடுக்கும்.

மோட்டார்: மூன்று விதம்

முதல் விதம், கன்ட்ரோலரைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் மோட்டார். ஒரு சென்சார் ஒயர், ஒரு பவர் ஒயர். திரையில் 38 என்று வைத்தால் அதுவே திருப்பிக்கொள்ளும். மாட்டுவது மிகச் சுலபம். உள்ளிருக்கும் போர்டு போனால் மோட்டாரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சாமான் கொச்சியிலிருந்தோ, உடுமலை வழியாகக் கோவையிலிருந்தோ வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரிந்தால் போடி வழியும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, த்ரீ பாயின்ட் மோட்டார். 230 வோல்ட், மூன்று ஒயர்: ஒரு நியூட்ரல், ஒரு திறக்கும் லைன், ஒரு மூடும் லைன். எந்த லைனில் கறன்ட் வருகிறதோ அந்தப் பக்கம் மெல்ல ஓடும். இரண்டிலும் இல்லையென்றால் இருந்த இடத்தில் நிற்கும். 90 டிகிரி திரும்ப 120 விநாடி எடுப்பது சாதாரணம். தனி கன்ட்ரோலர் அதற்குச் சிறு சிறு தட்டலாகக் கறன்ட் கொடுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும்.

மூன்றாவது, 0–10 வோல்ட் மோட்டார். 24 வோல்ட் சப்ளை தனி, எத்தனை சதவீதம் திறக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல் தனி. 3 வோல்ட் கொடுத்தால் 30 சதவீதம். கணினி வழியே கட்டடத்தை நடத்தும் பெரிய ரிசார்ட்டுக்கு இது பொருத்தம்.

கேட்லாக்கைப் படித்தால் மூன்றாவதுதான் உயர்வு என்று தோன்றும். நான் த்ரீ பாயின்ட் பக்கம். காரணம் தரையே. 65, 70 மில்லிமீட்டர் காரைத்தளம் சூடேற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வால்வை 31 சதவீதத்தில் வைத்தாலும் 33-ல் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். துல்லியத்துக்குக் கொடுக்கும் காசு காரைக்குள் கரைந்து போகும். அப்புறம், 0–10 வோல்ட் சிக்னல் ஒயரைப் பம்ப் ஒயரோடு ஒரே பைப்பில் இழுத்துவிட்டால் வால்வு காரணமில்லாமல் நடுங்கும். கன்ட்ரோலருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாருக்கு இன்னொன்று வைத்து, இரண்டின் பொது ஒயரையும் இணைக்க மறந்தால் சிக்னலுக்கு அர்த்தமே இருக்காது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளில் இடி இறங்கும் நாட்டில், நீளமான சிக்னல் ஒயர் ஆன்டெனா வேலை பார்க்கும். இதெல்லாம் தீர்க்க முடியாத பிரச்சினைகள் இல்லை. ஆனால் தீர்க்க ஆள் வேண்டும். த்ரீ பாயின்ட் மோட்டாரை ஊரில் எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துச் சோதித்துவிடலாம்: எந்த லைனில் விளக்கு எரிகிறது, மோட்டார் எந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். கறன்ட் இல்லாத இரவில் குமிழை விடுவித்துக் கையால் திருப்பி வைக்கவும் முடியும்.

கறன்ட் போனால் த்ரீ பாயின்ட் வால்வு இருந்த இடத்திலேயே நிற்கும், அது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். பம்பும் கூடவே நிற்பதால், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு செக் வால்வு இருந்தால் தரைக்குச் சூடு போகாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில். விறகு பாய்லரில் நெருப்பு கறன்ட்டைக் கேட்டு எரிவதில்லை. பம்ப் நின்றதும் அந்தச் சூடு எங்கே போகும்? மேல் மாடியில் பம்ப் இல்லாமலே தண்ணீர் ஏறி இறங்கும்படி ஒரு ரேடியேட்டரை வால்வில்லாமல் வையுங்கள். தரையை அதற்கான வடிகாலாக நினைக்கவே கூடாது. பம்பையும் கன்ட்ரோலரையும் இன்வெர்ட்டரில் போடுவது நல்லது. புது பம்ப் 25 முதல் 45 வாட், மோட்டார் ஓடும்போது 5 வாட், டிவியைவிடக் குறைவு. இன்வெர்ட்டர் மட்டும் சைன் வேவாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் இந்தச் சின்ன மோட்டார்கள் முனகிக்கொண்டே சூடாகும்.

வெளிச் சென்சார் வேண்டுமா?

ஐரோப்பாவில் இதற்குக் கொடுக்கும் பதில் தயாராக இருக்கிறது: வீட்டு வடக்குச் சுவரில் ஒரு சென்சார், வெளியே குளிரக் குளிரத் தரைக்குப் போகும் தண்ணீரின் சூடு ஏறும். ஹீட்டிங் கர்வ் என்பார்கள். அங்கே குளிர் வந்தால் நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் அது ஒத்துப் போகிறது. மூணாற்று ஜனவரியில் விடியற்காலை 3 டிகிரி, மத்தியானம் 22 டிகிரி. கன்ட்ரோலர் அதிகாலைக் குளிரைப் பார்த்துத் தண்ணீரை ஏற்றும். அந்தச் சூடு காரையைத் தாண்டி மேலே வரும்போது மணி ஒன்பது; வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருக்கும், கெஸ்ட் ராஜமலைக்குக் கிளம்பியிருப்பார். வெந்நீர் வெற்று அறைக்கு. கர்வ் வேண்டும் என்றால், வெளிச் சென்சாரின் அளவைப் பல மணி நேரச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் இங்கே பயன் குறைவு. என்னைக் கேட்டால், மாலை மூன்று மணியிலிருந்து 38, விடியற்காலை ஐந்துக்கு நிறுத்தம், மழைக்காலத்தில் 30 என்று நேரம் பார்த்து வைப்பதே போதும். சட்டென்று வரும் குளிரை ரேடியேட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர், "அண்ணே, கெஸ்ட் செக்-இன் ஆனப்புறம் போன்ல ஆன் பண்ணிக்கலாமா?" என்றார். "ரேடியேட்டர பண்ணுங்கக்கா. தரைக்கு மத்தியானமே சொல்லிடணும்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. போன் ஆப் அதை மாற்றாது.

சொந்தமாகக் கன்ட்ரோலர் செய்வது

போடி, தேனிப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படித்த பையன்கள் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, இரண்டு ரிலே, ஒரு டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் வைத்து இதைச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். செலவு குறைவு, வேலையும் சுத்தம். மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிலே அமைப்பு எப்படி? திறக்க ஒன்று, மூட ஒன்று என்று வைத்தால், புரோகிராம் குழம்பும் ஒரு நாளில் இரண்டும் சேர்ந்து விழும்; மோட்டார் அதைத் தாங்காது. முதல் ரிலே கறன்ட் கொடுப்பதற்கு, அதன் பின்னால் சேஞ்ச்ஓவர் ரிலே திசைக்கு என்று வைத்தால், என்ன குழம்பினாலும் ஒரு நேரத்தில் ஒரு லைன்தான் உயிரோடு இருக்கும். ரிலேக்குப் பதில் சாலிட் ஸ்டேட் (அசையும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) போட்டால், அணைந்திருக்கும்போதும் சொட்டும் கசிவுக் கறன்ட்டில் இந்தக் குட்டி மோட்டார் நகர்ந்துவிடக்கூடும்.

சென்சார் 85 என்று சொன்னால் என்ன செய்கிறது? டிஎஸ்18பி20 கறன்ட் வந்தவுடன், அளக்கும் முன்பு கேட்டால், 85 டிகிரி என்றுதான் சொல்லும். அது அதன் பிறவிக்குணம். இன்வெர்ட்டர் மாறும் கண நேரத் தடுமாற்றத்தில் இது நடந்தால் வால்வு சடாரென்று மூடும், பிறகு தேடித்தேடித் திறக்கும். 85 வந்தால் தள்ளிவிட்டு மறுபடி கேட்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம்: பையன் பெங்களூருக்கோ துபாய்க்கோ வேலை கிடைத்துப் போன பிறகு, இதை யார் திறப்பது? பதில் இல்லையென்றால் கடையில் விற்கும் கன்ட்ரோலரே வாங்கிவிடுங்கள். மோட்டார் த்ரீ பாயின்ட்டாக இருப்பதால், பின்னால் எப்போது வேண்டுமானாலும் கன்ட்ரோலரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒயரிங்

எந்த வால்வு வாங்கினாலும் ஒரு பொருளில் சிக்கனம் கூடாது: பைப்பில் கட்டும் ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட். கலந்த தண்ணீர் போகும் பைப்பில், பம்பைத் தாண்டி, 50 டிகிரிக்கு வைத்துக் கட்டி, பம்பின் ஃபேஸ் ஒயர் அதன் வழியாகவே போக வேண்டும். கன்ட்ரோலர், ஆப், ரிலே எதையும் அது கேட்கக் கூடாது. பிளாஸ்டிக் பைப்பின் மேல் கட்டினால் குறைவாகவே காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு செம்புக் குழாய் போட்டு, அதன் மேல் கட்டி, இன்சுலேஷன் சுற்றிவிடுங்கள். கன்ட்ரோலரின் சென்சாரும் அதே துண்டில் உட்காரலாம்.

மீதி வரிசை எளிது. அறை தெர்மோஸ்டாட் கேட்கிறது. லூப்புகளுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில், அந்த லூப்பின் வால்வைத் திறக்கும் சின்னத் தலை சில நிமிடங்களில் திறக்கிறது. திறந்த பிறகு அதன் எண்ட் ஸ்விட்ச் பம்பையும் கன்ட்ரோலரையும் எழுப்புகிறது. கேஸ் பாய்லர் என்றால் அதற்கும் சொல்ல வேண்டும். பல பாய்லர்களில் அதற்கான இரண்டு டெர்மினலும் வெறும் கான்டாக்ட்டை (வெளியிலிருந்து வோல்ட் வராத இணைப்பை) மட்டுமே எதிர்பார்க்கின்றன; அதில் 230 வோல்ட் கொடுத்தால் போர்டு புகைந்துவிடும். நடுவே ஒரு ரிலே போடுங்கள். ரேடியேட்டர் பம்ப் தரைப் பக்கத்தைத் தள்ளாமல் இருக்க, இரண்டு சுற்றும் ஒரு ஹைட்ராலிக் செபரேட்டரிலிருந்தோ பஃபர் டேங்கிலிருந்தோ தனித்தனியாகப் பிரிவது நல்லது.

ஒயர் நிறம்தான் நம் ஊரில் சிக்க வைக்கும் இடம். நமக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல். ஐரோப்பிய மோட்டாரில் பெரும்பாலும் நீலம்தான் நியூட்ரல். கருப்பும் பழுப்பும் திறக்கும், மூடும் லைன்கள். பழக்க தோஷத்தில் கருப்பை நியூட்ரலிலும் நீலத்தை ஃபேஸிலும் முறுக்கினால், கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் மோட்டார் ஒரே பக்கம் ஓடி முட்டி நிற்கும். அந்தப் பக்கம் சூட்டுப் பக்கமாக இருந்துவிட்டால் 65 டிகிரி நேராகத் தரைக்கு. கையில் இருக்கும் நிறத்தை நம்பாமல், மோட்டாரின் மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்து முறுக்குங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன்பே திசையைச் சோதித்துவிட வேண்டும். பாய்லர் சூடாக இருக்கட்டும், தரைப் பம்ப் ஓடட்டும், வால்வு நடுவில் நிற்கட்டும். கன்ட்ரோலரில் கைமுறை மெனுவுக்குப் போய் "திற" என்று கொடுத்து, செம்புத் துண்டின் மேல் கை வையுங்கள். அரை நிமிடத்தில் சூடு ஏறினால் சரி. ஆறினால் கருப்பையும் பழுப்பையும் இடம் மாற்றுங்கள், அல்லது கன்ட்ரோலர் அமைப்பில் திசையை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பிறகு ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட்டை 30-க்கு இறக்கிப் பாருங்கள், பம்ப் நிற்க வேண்டும். நின்றதும் மறக்காமல் 50-க்கு ஏற்றிவிடுங்கள். சிமென்ட் காரை போட்டு 21 நாள் ஆன பிறகுதான் தரைக்கு முதல் சூடு: மூன்று நாள் 25 டிகிரி, பிறகு நான்கு நாள் முழு அளவு. மெழுகு வால்வு வாங்கியவர்கள் குமிழ் 25 வரை இறங்குமா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது, சில 35-லிருந்துதான் தொடங்கும்.